மேலாளரின் அனுபவத்தை எப்படி எடைபோடுவது? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், பலரின் பணத்தை ஒன்றாகச் சேர்த்து முதலிடும் யூனிட் டிரஸ்ட் திட்டங்களின் கட்டணங்களைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கட்டணத்தை விட்டுவிட்டு, நிதியை நடத்தும் மேலாளரைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இந்த இதழில் அந்த ஒரு பொருளையே எடுத்துக்கொள்கிறேன். இந்தியாவில் மியூச்சுவல் ஃபண்ட் அல்லது பரஸ்பர நிதி என்று சொல்லப்படுவதும் சிங்கப்பூரில் யூனிட் டிரஸ்ட் என்ற பெயரில் விற்கப்படுவதும் இந்தப் பதில்களைப் பொறுத்தவரை ஒன்றே; வெள்ளி என்று வருவதெல்லாம் சிங்கப்பூர் டாலர்.

கேள்வி: நான் பணி ஓய்வுபெற்ற தாதி. என் கணவரின் மறைவுக்குப் பிறகு கைக்கு வந்த தொகையில் 40,000 வெள்ளியை முதலீடு செய்யலாம் என்று வங்கிக்குச் சென்றேன். அங்கிருந்த ஆலோசகர் இரண்டு ஆசியப் பங்கு நிதிகளைக் காட்டினார். ஒன்றின் மேலாளருக்கு 26 ஆண்டு அனுபவம்; மற்றதன் மேலாளருக்கு 7 ஆண்டுதான். “அனுபவசாலியிடம் கொடுத்தால் கவலை இல்லை அம்மா” என்கிறார். அவர் சொல்வது சரியா? ஆய்வுகள் என்ன சொல்கின்றன?
– வாசகி, ஈசூன்

பதில்: அம்மா, நீங்கள் மருத்துவமனையில் பணியாற்றியவர் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன். மூட்டு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர் ஓராண்டில் எத்தனையோ நோயாளிகளைப் பார்க்கிறார். ஒவ்வொருவரும் நடந்தாரா, புண் ஆறியதா என்பது சில வாரங்களில் தெரிந்துவிடுகிறது. தவறு நேர்ந்தால் அடுத்தவருக்குச் செய்யும்போது கை தானாகத் திருத்திக்கொள்கிறது. அந்தத் தொழிலில் ஆண்டுகள் கூடக் கூடத் திறமையும் கூடுவதற்குக் காரணம், விளைவு விரைவாகவும் தெளிவாகவும் கண்முன் வருவதுதான். பங்கு வாங்கும் ஒருவருக்கு அந்த வாய்ப்பு இல்லை. இன்று வாங்கிய பங்கு சரியான முடிவா என்பது தெரிய மூன்று நான்கு ஆண்டுகள் ஆகலாம். அதற்குள் வட்டி விகிதம் மாறியிருக்கும், நாணய மதிப்பு மாறியிருக்கும், போர் வந்திருக்கும். கிடைத்த லாபத்தில் எவ்வளவு தம் அறிவால் வந்தது, எவ்வளவு காற்று அடித்த திசையால் வந்தது என்று மேலாளராலேயே பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் 26 என்ற எண்ணை மருத்துவரின் 26 ஆண்டுகளைப் போல நீங்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அனுபவம் என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு அளவைகள் கலந்து கிடக்கின்றன என்பதையும் கவனியுங்கள். முதலீட்டுத் துறையில் அவர் இருந்த மொத்த ஆண்டுகள் ஒன்று. ஒரு நிதியின் பொறுப்பைத் தாமே சுமந்த ஆண்டுகள் இன்னொன்று. நீங்கள் வாங்கப்போகும் இந்தக் குறிப்பிட்ட நிதியை நடத்திய ஆண்டுகள் மூன்றாவது. விற்பனைத் தாளில் பெரிய எழுத்தில் அச்சாவது பெரும்பாலும் முதலாவது. 26 ஆண்டு அனுபவமுள்ளவர் இந்த நிதிக்கு எட்டு மாதங்களுக்கு முன்புதான் வந்திருக்கலாம். 7 ஆண்டு அனுபவமுள்ளவர் அந்த ஏழு ஆண்டுகளையும் இதே நிதியில் கழித்திருக்கலாம். அப்படியானால் முதல் நிதியின் பத்தாண்டு வரைபடம் உங்களுக்குக் காட்டுவது வேறொருவர் செய்த வேலையை. ஆலோசகரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, “இவர் இந்த நிதியை எந்த மாதம், எந்த ஆண்டு முதல் நடத்துகிறார்?” என்பதே. இரண்டாவது, “அந்த நாளிலிருந்து இன்றுவரை, தனக்கென வைத்துக்கொண்ட குறியீட்டோடு, அதாவது சந்தையின் சராசரிப் போக்கைக் காட்டும் அளவுகோலோடு, ஒப்பிட்டால், கட்டணங்களைக் கழித்த பிறகு நிதி எங்கே நிற்கிறது?” என்பது. இந்த இரண்டுக்கும் பதில் வராவிட்டால் 26 என்ற எண்ணுக்குப் பொருளே இல்லை.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றும் கேட்டிருக்கிறீர்கள். அவை ஒரே குரலில் பேசவில்லை. அமெரிக்க நிதிகளின் 1988 முதல் 1990 வரையிலான விவரங்களை ஆராய்ந்த ஜோசப் கோலெக், ஒரே நிதியில் நீண்ட காலம் நிலைத்திருந்த, ஆனால் வயதில் இளையவரான மேலாளர்கள் சற்று மேலான பலனைத் தந்ததாகக் கண்டார். ஜூடித் செவாலியரும் கிளென் எலிசனும் 1999இல் வெளியிட்ட ஆய்வுகளில், மேலாளர் படித்த கல்லூரியின் தரத்துக்கும் நிதியின் பலனுக்கும் தொடர்பு தெரிந்தது; அதோடு, இளைய மேலாளர்கள் ஓரிரு மோசமான ஆண்டுகளுக்கே வேலையை இழக்கிறார்கள் என்பதும், அந்த அச்சத்தில் மற்றவர்கள் வாங்குவதையே தாங்களும் வாங்கிக் கூட்டத்தோடு நடக்கிறார்கள் என்பதும் வெளிப்பட்டன.

இந்தக் கடைசிச் செய்தியைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ராபின் கிரீன்வுட், ஸ்டெஃபான் நேகல் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வு, 1990களின் இறுதியில் தொழில்நுட்பப் பங்குகள் வெறித்தனமாக ஏறியபோது மேலாளர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தது. இளைய மேலாளர்களின் நிதிகளில் தொழில்நுட்பப் பங்குகள் மற்றவர்களின் நிதிகளைவிடக் கூடுதலாக இருந்தன. விலை ஏற ஏற அவர்கள் மேலும் வாங்கினார்கள். தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த, அமெரிக்காவின் நாஸ்டாக் குறியீடு 2000 மார்ச் மாதத்தில் உச்சத்தைத் தொட்டு, 2002 அக்டோபருக்குள் ஏறத்தாழ 78 விழுக்காடு வீழ்ந்தது. சரிவு ஒன்றைத் தம் காசிலோ பிறர் காசிலோ அனுபவித்திராதவர்களுக்கு, ஏற்றம் என்பது நிரந்தரம்போலத் தெரிகிறது. இதற்கு மறுபக்கமாக, எலிசபெத் கெம்ப், ஆல்பெர்ட்டோ மன்கோனி, ஆலிவர் ஸ்பால்ட் ஆகிய மூவரின் ஆய்வு, ஒரு மேலாளர் எந்தத் தொழில்துறையின் மோசமான காலத்தைக் கடந்து வந்திருக்கிறாரோ, அந்தத் துறையின் பங்குகளைத்தான் பிற்பாடு மற்றவற்றைவிடத் திறம்படத் தேர்ந்தெடுக்கிறார் என்று காட்டியது. ஆகவே அனுபவத்துக்கு மதிப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனை ஆண்டுகள் என்பதைவிட எந்த ஆண்டுகள் என்பதே கேள்வி. 1997இல் தாய்லாந்தின் பாட் நாணயம் சரிந்ததும், 1998இல் மலேசியா மூலதனக் கட்டுப்பாடு கொண்டுவந்து, சிங்கப்பூரில் கைமாறிவந்த மலேசிய நிறுவனப் பங்குகளான கிளோப் பங்குகளை முடக்கியதும் நம் வயதுக்காரர்களுக்கு மறக்காது. அந்த நாள்களில் ஆசியப் பங்குகளைக் கையில் வைத்திருந்த மேலாளருக்கு, ஓர் அரசாங்கம் ஒரே இரவில் கதவை அடைத்துவிடக்கூடும் என்பது யாரும் சொல்லித்தர வேண்டாத பாடம்.

நாம் ஏமாறக்கூடிய இன்னொரு இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 20, 25 ஆண்டுகள் பணியில் இருப்பவர்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தால் அவர்களின் சராசரி நன்றாகத்தான் இருக்கும். ஏனென்றால் நன்றாகச் செய்யாதவர்கள் பத்தாண்டுகளுக்கு முன்பே அனுப்பப்பட்டுவிட்டார்கள், அவர்கள் நடத்திய நிதிகளும் பெரும்பாலும் வேறொன்றோடு இணைக்கப்பட்டு மறைந்துவிட்டன. எஞ்சியவர்களை மட்டும் எண்ணிவிட்டு “அனுபவம் பலன் தருகிறது” என்று முடிவுகட்டுவது தவறு.

உங்கள் 40,000 வெள்ளிக்கு வருகிறேன். ஓராண்டுச் செலவுக்கான தொகையை முதலில் தனியாக எடுத்து வையுங்கள்; 500 வெள்ளியிலிருந்து வாங்கக்கூடிய சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம் அதற்குப் போதும். மீதியைப் பங்கு நிதியில் போடுவதென்றால், அந்த இரண்டு நிதிகளின் ‘புராடக்ட் ஹைலைட்ஸ் ஷீட்’ எனப்படும் சுருக்க விவரத்தாளைக் கேட்டு வாங்கி, விற்பனைக் கட்டணம், ஆண்டு நிர்வாகக் கட்டணம் ஆகியவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். ஏற்கெனவே கையொப்பமிட்டுவிட்டிருந்தாலும் பதற வேண்டாம். இங்கு விற்கப்படும் யூனிட் டிரஸ்ட் திட்டங்களை முதன்முறையாக வாங்குபவருக்குப் பொதுவாக 7 நாள்களுக்குள் ரத்துசெய்துகொள்ளும் உரிமை உண்டு. இடையில் சந்தை இறங்கியிருந்தால் அந்த வித்தியாசம் மட்டும் கழிக்கப்படும்.

கேள்வி: ஒருவர் தொடர்ந்து பத்தாண்டுகள் குறியீட்டை முந்தியிருக்கிறார் என்றால், அது நிரூபிக்கப்பட்ட திறமைதானே? இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?
– கணினிப் பொறியாளர், பொங்கோல்

பதில்: நீங்கள் எண்களோடு பழகியவர் என்பதால் எண்ணிலேயே பதில் சொல்கிறேன். திறமை சிறிதும் இல்லாத 1,024 பேர் ஆளுக்கொரு நாணயத்தைச் சுண்டினால், பத்து முறையும் தலை விழுந்தவர் ஒருவராவது இருப்பார் என்றுதான் எதிர்பார்க்க வேண்டும். உலகில் பல்லாயிரம் நிதிகள் இருக்கின்றன; அவற்றில் பத்தாண்டுத் தொடர் வெற்றி பெற்ற சிலர் இருப்பது வியப்பல்ல. அவர்களில் யார் திறமைசாலி, யார் வெறும் அதிர்ஷ்டசாலி என்று பிரிப்பதுதான் கடினம்.

எவ்வளவு கடினம் என்று பாருங்கள். ஒரு மேலாளருக்கு உண்மையாகவே திறமை இருக்கிறது, அவர் குறியீட்டைவிட ஆண்டுக்குச் சராசரியாக 2 விழுக்காடு கூடுதலாக ஈட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கூடுதல் ஒவ்வோர் ஆண்டும் ஒரே அளவில் வராது. 6 விழுக்காடு அளவுக்கு மேலும் கீழும் அலையும் என்று கொள்வது நடைமுறைக்குப் பொருந்தும். இது அதிர்ஷ்டம் அல்ல என்று புள்ளியியலின் வழக்கமான 95 விழுக்காடு உறுதியோடு சொல்ல எத்தனை ஆண்டுக் கணக்கு தேவை? 6ஐ 2ஆல் வகுத்தால் 3; அதை, 95 விழுக்காடு உறுதிக்குரிய எண்ணான 2ஆல் பெருக்கினால் 6; அதன் வர்க்கம் 36. முப்பத்தாறு ஆண்டுகள்! அவர் திறமைசாலிதான் என்று நாம் உறுதிசெய்து முடிப்பதற்குள் அவர் ஓய்வுபெற்றிருப்பார்.

பில் மில்லரின் வரலாற்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். லெக் மேசன் நிறுவனத்தின் வேல்யூ டிரஸ்ட் நிதியை நடத்திய அவர், 1991 முதல் 2005 வரை தொடர்ந்து 15 ஆண்டுகள் அமெரிக்காவின் எஸ்&பி 500 குறியீட்டை முந்தினார். 2008இல், கால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் அவருக்கு இருந்த நிலையில், குறியீடு 37 விழுக்காடு இறங்கியது. அவருடைய நிதியோ ஏறத்தாழ 55 விழுக்காடு இறங்கியது. அவர் சோம்பியிருந்து தோற்கவில்லை. 1990 வாக்கில் வங்கி, நிதித்துறைப் பங்குகள் அடிபட்டுக் கிடந்தபோது துணிந்து வாங்கி நல்ல லாபம் கண்டவர் அவர்; அதே பாடத்தை நம்பி 2007, 2008இலும் விழுந்துகொண்டிருந்த நிதி நிறுவனங்களை வாங்கினார். இம்முறை அவை எழவில்லை. அவரைத் தூக்கிவிட்ட அனுபவமே அவரைத் தள்ளிவிட்டது என்பதை எந்த விற்பனைத் தாளிலும் நீங்கள் பார்க்க முடியாது.

இதைத் தனி ஒருவரின் கதை என்று ஒதுக்கவும் முடியாது. மைக்கேல் ஜென்சன் 115 அமெரிக்க நிதிகளின் 1945 முதல் 1964 வரையிலான கணக்கை ஆராய்ந்து 1968இல் வெளியிட்டபோதே, சராசரியில் அவை சந்தையை முந்தவில்லை என்று காட்டினார். 1997இல் மார்க் கார்ஹார்ட், மூடப்பட்ட நிதிகளையும் சேர்த்துக் கணக்கிட்டு, இந்த ஆண்டு முன்னணியில் நிற்பவை அடுத்த ஆண்டும் முன்னணியில் நிற்பதற்குப் பெரும்பகுதி காரணம் மேலாளரின் திறமை அல்ல என்றார். அவற்றின் கையில் இருந்த, ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த பங்குகளும் நிதியின் செலவு அளவுமே அதற்கு விளக்கமாக இருந்தன. உறுதியாகத் தொடர்வது எது தெரியுமா? மிக மோசமான நிதிகளின் மோசம். என் கருத்தில் இந்தக் கண்டுபிடிப்புதான் நம்மைப் போன்ற சிறு முதலீட்டாளர்களுக்கு எல்லாவற்றையும்விடப் பயன்படுவது. சிறந்ததைத் தேடிக் கண்டுபிடிப்பது அரிது, ஆனால் அதிகக் கட்டணத்தோடு நீண்ட காலமாகப் பின்தங்கியிருப்பதைத் தவிர்ப்பது எவருக்கும் இயலும்.

உண்மையான திறமை இருந்தாலும் அது நம் கைக்கு வருவதில்லை என்பதற்கு இன்னொரு காரணம் உண்டு. ஜொனதன் பெர்க், ரிச்சர்ட் கிரீன் இருவரும் 2004இல் முன்வைத்த விளக்கம் அது. ஒருவர் நன்றாகச் செய்கிறார் என்ற செய்தி பரவியதும் பணம் அவரிடம் குவிகிறது. 50 மில்லியன் வெள்ளியைச் சிறு நிறுவனங்களில் லாவகமாக முதலிட்டவர் 5 பில்லியனை அதே வகையில் முதலிட முடியாது. அவர் வாங்கத் தொடங்கினாலே விலை ஏறிவிடும். பணம் வந்து வந்து, கூடுதல் லாபம் கரைந்து, அவரும் மற்றவர்களைப் போல ஆகும்வரை இது தொடர்கிறது. திறமையின் பலன் பெரிய நிதியின் பெரிய கட்டணமாக நிறுவனத்துக்குப் போய்ச் சேர்கிறது. பீட்டர் லிஞ்ச் 1977இல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் மெகல்லன் நிதியை ஏற்றபோது அதில் ஏறத்தாழ 2 கோடி அமெரிக்க டாலர்தான் இருந்தது. 1990இல் அவர் விலகியபோது 1,400 கோடி டாலர். அந்த 13 ஆண்டுகளின் சராசரி ஆண்டுப் பலன் சுமார் 29 விழுக்காடு என்பது உண்மை. ஆனால் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 33 என்பதையும், அந்த நிதியில் பெரும்பணம் வந்து சேர்ந்தது பிற்பகுதியில்தான் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். இன்றைய விற்பனைத் தாளின் அளவுகோலில் 1977இன் லிஞ்ச் ‘அனுபவம் குறைந்தவர்’ பட்டியலில்தான் இருந்திருப்பார்.

கேள்வி: நான் ஆறு ஆண்டுகளாக வைத்திருக்கும் நிதியின் மேலாளர் விலகிவிட்டார் என்று கடிதம் வந்திருக்கிறது. உடனே விற்றுவிடலாமா? அவர் புதிதாகத் தொடங்கும் நிதிக்கு மாறிவிடலாமா?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: என் சொந்த அனுபவத்தை இங்கே சொல்வது பொருத்தம் என்று நினைக்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன், ஒரு மேலாளரின் பெயரை நம்பியே ஒரு நிதியை வாங்கினேன். 5 விழுக்காடு விற்பனைக் கட்டணமும் கொடுத்தேன். அவர் பதவி விலகி ஓராண்டுக்கும் மேலான பிறகே, அரையாண்டு அறிக்கையைத் தற்செயலாகப் புரட்டியபோது அது எனக்குத் தெரிந்தது. எனக்கு விற்ற ஆலோசகரும் சொல்லவில்லை, நிறுவனத்தின் கடிதத்தையும் நான் கவனித்திருக்கவில்லை. உங்களுக்கு வந்த கடிதத்தை நீங்கள் படித்திருக்கிறீர்கள்; அதுவே நல்ல தொடக்கம்.

உடனே விற்க வேண்டியதில்லை. மேலாளர் மாற்றங்களை ஆராய்ந்த அஜய் கொரானா கண்டது இது: மோசமாகச் செய்துகொண்டிருந்தவரை மாற்றிய நிதிகளின் நிலை மாற்றத்துக்குப் பின் மேம்பட்டது, நன்றாகச் செய்துகொண்டிருந்தவர் விலகிய நிதிகளின் நிலை இறங்கியது. ஆகவே உங்கள் மேலாளர் எந்த வகை என்பதை முதலில் பாருங்கள். பிறகு, புதியவர் வெளியிலிருந்து வந்தவரா, இதே நிதியில் துணை மேலாளராக இருந்தவரா, நிதியின் முதலீட்டு நோக்கம் மாறுகிறதா, ஆய்வாளர் குழு அப்படியே இருக்கிறதா என்று கேளுங்கள். குறியீட்டை ஒட்டியே நடந்துவந்த பெரிய நிதியாக இருந்தால், மாற்றம் உங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாது. மூன்று நான்கு பங்குகளில் பெரும்பணத்தைக் குவித்து ஒருவரின் தீர்ப்பிலேயே ஓடிய நிதியாக இருந்தால், நீங்கள் வாங்கிய பொருளே மாறிவிட்டது என்று கொள்ளலாம். நிதியின் பெயர் மாறாததால் எல்லாம் பழையபடி இருக்கிறது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள்.

அவரைப் பின்தொடர்ந்து புதிய நிதிக்குப் போவதைப் பற்றி எனக்குத் தயக்கம் அதிகம். அனுபவம் என்பது பெரும்பாலும் ஓர் இடத்தோடு, ஒரு நிறுவனத்தின் ஆய்வாளர்களோடும் கட்டுப்பாடுகளோடும் பின்னிப் பிணைந்தது. பிரிட்டனில் ஆண்டனி போல்ட்டன் 1979 முதல் 2007 வரை ஒரே நிதியை நடத்தி ஆண்டுக்குச் சராசரியாக 19 விழுக்காட்டுக்கும் மேல் ஈட்டித் தந்தவர். அவர் ஹாங்காங்குக்கு வந்து 2010இல் சீனப் பங்குகளுக்கென ஒரு நிதியைத் தொடங்கியபோது, அந்தப் பெயரை நம்பிப் பலர் பணம் போட்டார்கள். அடுத்த ஆண்டே அதன் விலை தொடக்க விலைக்கும் கீழே போனது. பிரிட்டிஷ் நிறுவனங்களின் கணக்குகளில் பழகிய கண், சீனச் சிறு நிறுவனங்களின் கணக்குகளில் ஏமாறியது.

நீல் வுட்ஃபோர்டின் வரலாறு இன்னும் வேதனையானது. 1988 முதல் ஒரே நிறுவனத்தில் கால் நூற்றாண்டு பணியாற்றி, பெரிய, ஈவுத்தொகை தரும் நிறுவனங்களைத் தேர்ந்தெடுப்பதில் பிரிட்டன் முழுவதும் பெயர்பெற்றவர். 2014இல் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். மேலே நின்று தடுக்க யாரும் இல்லாத இடத்தில், சந்தையில் பட்டியலிடப்படாத சிறு நிறுவனங்களிலும் எளிதில் விற்க முடியாத பங்குகளிலும் பெரும்பணத்தைப் போட்டார். முதலீட்டாளர்கள் பணத்தைத் திரும்பக் கேட்டபோது கொடுக்க முடியாமல் 2019 ஜூன் 3ஆம் தேதி நிதி முடக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் அதைக் கலைக்க முடிவானது. ஓய்வுக்காலப் பணத்தை அதில் வைத்திருந்த இலட்சக்கணக்கானோர் பல ஆண்டுகள் காத்திருந்தார்கள். அவருடைய 25 ஆண்டுகள் பொய்யல்ல. அந்த 25 ஆண்டுகள் வேறு வகைப் பங்குகளைப் பற்றியவை.

கேள்வி: நான் வாங்கிய நிதியின் விவரத்தாளில் தனி மேலாளரின் பெயரே இல்லை, ‘ஆசியப் பங்குக் குழு’ என்று மட்டும் இருக்கிறது. இது குறையா?
– வாசகி, தோ பாயோ

பதில்: குறை என்று சொல்ல முடியாது. ஒருவர் விலகினால் நிதி ஆட்டம் காணாது என்பது குழுவின் நன்மை. யார் பொறுப்பு என்று தெரியாமல் போவது அதன் இழப்பு. உங்கள் நிதி லக்ஸம்பர்க்கில் பதிவான மூல நிதிக்குப் பணத்தை அனுப்பும் உள்ளூர் நிதியாக இருந்தால், உண்மையான முடிவுகள் எடுக்கப்படுவது இங்குள்ள நிறுவனத்தில் அல்ல; பிராஸ்பெக்டஸ் எனப்படும் முழு விவர ஏட்டில், முதலீட்டு முடிவுகளை எடுக்கும் ‘சப்-மேனேஜர்’ நிறுவனம் யார் என்ற பகுதியைப் பாருங்கள்.

கேள்வி: சென்னையில் பெற்றோர் பெயரில் இந்திய நிதிகளில் மாதாமாதம் முதலிடுகிறேன். அங்குள்ள மாத விவரத்தாள்களில் மேலாளரின் மொத்த அனுபவமும், இந்த நிதியில் எப்போது சேர்ந்தார் என்பதும் அச்சாகியிருக்கின்றன. இவற்றைத் தவிர வேறு எதைப் பார்க்க வேண்டும்?
– வாசகர், செங்காங்

பதில்: இந்த வகையில் இந்திய விவரத்தாள்கள் பாராட்டத்தக்கவை, இரண்டு தேதிகளையும் தனித்தனியே தருவதால் முதல் பதிலில் நான் சொன்ன குழப்பம் அங்கு குறைவு. அவற்றோடு மேலாளர் தம் சொந்தப் பணத்தை அதே நிதியில் வைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். கொரானா, செர்வேஸ், வெட்ஜ் ஆகிய மூவர் 2007இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், மேலாளரின் சொந்த முதலீடு கூடுதலாக இருந்த நிதிகளின் பலனும் கூடுதலாக இருந்தது. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி, நிதி நிறுவனங்களின் முக்கிய ஊழியர்கள் தங்கள் ஊதியத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாங்கள் நடத்தும் நிதிகளின் யூனிட்டுகளாகப் பெற வேண்டும் என்ற விதியை 2021இல் கொண்டுவந்தது; 2025இல் அந்த அளவு தளர்த்தப்பட்டது. கட்டாயத்தால் வைத்திருப்பதற்கும் விரும்பி வைத்திருப்பதற்கும் வேறுபாடு உண்டு என்றாலும், நம்மோடு சேர்ந்து இழக்கக்கூடியவர் ஒருவர் அந்த நாற்காலியில் இருக்கிறார் என்பது அனுபவ ஆண்டுகளைவிட எனக்கு அதிக ஆறுதல் தரும் செய்தி. இன்னொன்று: 2013 முதல் அங்கு ‘டைரக்ட் பிளான்’ என்ற, தரகர் கழிவு இல்லாத திட்டம் ஒவ்வொரு நிதியிலும் உண்டு. அதே மேலாளர், அதே பங்குகள், குறைந்த செலவு. உங்கள் பெற்றோரின் கணக்கு எந்த வகை என்று இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: என் வயது 40. மத்திய சேமநிதியின் சாதாரணக் கணக்கில் 50,000 வெள்ளி இருக்கிறது. நல்ல அனுபவமுள்ள மேலாளரின் நிதி ஒன்றில் அதைப் போடலாமா?
– வாசகர், உட்லண்ட்ஸ்

பதில்: மத்திய சேமநிதி என்பது சிங்கப்பூரின் கட்டாய ஓய்வுக்காலச் சேமிப்பு. அதன் சாதாரணக் கணக்கின் முதல் 20,000 வெள்ளியை முதலீட்டுக்காகத் தொட முடியாது, ஆகவே உங்களால் முதலிட இயல்வது 30,000. அந்தத் தொகை எதையும் செய்யாமல் கணக்கிலேயே இருந்தால் ஆண்டுக்கு 2.5 விழுக்காடு வட்டி பெறும். 15 ஆண்டுகளில் சுமார் 43,400 வெள்ளி ஆகும். எந்த மேலாளரும் உங்களுக்காகத் தாண்ட வேண்டிய முதல் கோடு அதுதான். குறியீட்டைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு.

இப்போது, நிதியின் பங்குகள் செலவுக்கு முன் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளர்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்குக்காக நான் எடுத்துக்கொண்ட எண், வாக்குறுதி அல்ல. செலவே இல்லையென்றால் 15 ஆண்டுகளில் 71,900 வெள்ளி. ஆண்டுச் செலவு 1.75 விழுக்காடு என்றால் உங்கள் கைக்கு வருவது 56,000. இடையிலுள்ள ஏறத்தாழ 15,900 வெள்ளி, மேலாளர் திறமைசாலியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் போய்விடும். பங்குகள் 4 விழுக்காடுதான் வளர்ந்தன என்றால், செலவு போக 2.25 விழுக்காடு, சாதாரணக் கணக்கில் சும்மா விட்டிருந்தால் கிடைத்திருக்கக்கூடியதைவிடக் குறைவு. மேலாளரின் அனுபவம் பலன் தருமா என்பது முப்பத்தாறு ஆண்டுகளிலும் தீராத கேள்வி. கட்டணம் என்ன செய்யும் என்பது இன்றைக்கே காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. மத்திய சேமநிதி முதலீட்டுத் திட்டத்தின்கீழ் விற்பனைக் கட்டணம் 2020 அக்டோபர் முதல் அறவே நீக்கப்பட்டுவிட்டது என்பது நமக்குச் சாதகம். ஆனால் ஆண்டுச் செலவு தொடர்ந்து இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க, சிங்கப்பூரின் 30 பெரிய நிறுவனங்களைக் கொண்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் குறியீட்டை அப்படியே பின்பற்றும், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிதியின் ஆண்டுச் செலவு சுமார் 0.3 விழுக்காடு. அதில் எந்த மேலாளரும் பங்குகளைத் தேர்ந்தெடுப்பதில்லை.

உங்களுக்கு 40 வயது. வீட்டுக் கடனை அந்தக் கணக்கிலிருந்துதான் கட்டுகிறீர்களா என்பதை எழுதவில்லை. கட்டுகிறீர்கள் என்றால், வேலை போய்விட்டால் ஓராண்டுத் தவணைக்கு வேண்டிய தொகையை முதலில் கணக்கிலேயே விட்டுவையுங்கள். அதற்குமேல் மிஞ்சுவது எவ்வளவு என்று எழுதி அனுப்பினால், அடுத்த இதழில் அந்தத் தொகையை வைத்தே பேசலாம்.